அம்பாசடருக்கு முன் கண்ணாடி மாற்றுவதற்கு முன்னால் ரப்பருக்கு அடியில் பாருங்கள்

கேள்வி இதுதான். கானாடுகாத்தானில் பூர்வீக வீட்டுக் கார் ஷெட்டில் ஒரு அம்பாசடர் மார்க் 2 நிற்கிறது. 1966-ல் ஐயா (தாத்தா) வாங்கியது. முன் கண்ணாடியில், ஓட்டுகிறவருக்கு இடது கைப்பக்கக் கீழ் மூலையிலிருந்து ஒற்றை விரிசல் கிளம்பி நடுவரைக்கும் வந்து நிற்கிறது. கல் பட்ட அடையாளம் இல்லை. ஆவணியில் அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) அறுபதாம் கல்யாணம். அன்றைக்கு அவர்களை அந்த வண்டியில்தான் கோயிலுக்கு அழைத்துப் போக வேண்டும் என்று ஆசை. விரிசலை ஒட்டலாமா, கண்ணாடியையே மாற்றுவதா? மாற்றினால் டெம்பர்டா, லேமினேட்டடா? பழைய ரப்பரையே திரும்பப் போடலாமா? ‘சுற்றிலும் சிலிகான் அடித்துவிட்டால் ஒரு சொட்டு இறங்காது’ என்று பெயின்டர் சொல்கிறாரே, சரியா?

ஒட்ட முடியாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரெசின் ஏற்றி ஒட்டுவதெல்லாம் கல் தெறித்து நட்சத்திரம் மாதிரி விழுந்த சின்னப் புள்ளிக்குத்தான். ஓரத்தில் பிறந்து ஒரு முழம் ஓடிய விரிசலுக்கு அது நிற்காது. சித்திரை வெயிலில் ஒரு மத்தியானம் வண்டி வெளியே நின்றால் மிச்ச தூரத்தையும் ஓடி முடித்துவிடும். மாற்றத்தான் வேண்டும்.

ஆனால் உங்கள் கேள்விக்குள்ளேயே ஒரு துப்பு இருக்கிறது. ஒற்றை விரிசல் என்கிறீர்கள். அந்தக் காலத்து வண்டிகளுக்குப் பெரும்பாலும் டெம்பர்ட் கண்ணாடிதான் வரும். டெம்பர்ட் கண்ணாடியில் ஒற்றை விரிசல் என்ற பேச்சே கிடையாது. அறுநூறு டிகிரிக்கு மேல் சூடேற்றி, சட்டென்று காற்றடித்து ஆற வைக்கிற கண்ணாடி அது. மேல் தோல் இறுகி, உள்ளே இழுவிசை பூட்டிக் கிடக்கும். எங்கே உடைந்தாலும் மொத்தமும் ஒரே நொடியில் கற்கண்டு மாதிரி பொடிந்து கொட்டிவிடும். கோடாக விரிசல் விட்டு அப்படியே நிற்கிறது என்றால் அது லேமினேட்டட், நடுவே தாள் வைத்து ஒட்டிய கண்ணாடி. அதாவது ஐயா வாங்கியபோது வந்த கண்ணாடி எப்போதோ போய்விட்டது. இப்போது இருப்பது யாரோ இடையில் மாட்டியது. கல்லும் படவில்லை, மூலையிலிருந்துதான் கிளம்பியிருக்கிறது என்றால், அந்த மூலையில் ரப்பருக்கு அடியில் ஏதோ ஒன்று கண்ணாடியை வருஷக்கணக்காக நெம்பிக்கொண்டிருந்திருக்கிறது. அதை எடுக்காமல் புதுக் கண்ணாடி போட்டால் அதுவும் அதே மூலையில் விரியும்.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. என் அப்பா தேவகோட்டையில் ஒரு செட்டியார் வீட்டில் டிரைவர். எனக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்ததே அந்த வீட்டு ஷெட்டில்தான். பிறகு காரைக்குடியில் பட்டறை வைத்தேன். ஆரம்பத்தில், பள்ளத்தூரில் ஒரு கல்யாண வீட்டு அம்பாசடருக்கு முன் கண்ணாடி போடப் போயிருந்தேன். மறுநாள் முகூர்த்தம். அவசரம். கண்ணாடி எல்லாப் பக்கமும் உட்கார்ந்துவிட்டது, மேல் மூலை மட்டும் அரை விரல் தூக்கி நின்றது. உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினேன். ‘டிக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். சத்தம் பெரிதாகக்கூட இல்லை. தலைமுடி மாதிரி ஒரு கோடு மூலையிலிருந்து என் கைக்கு அடியில் ஓடி வந்தது. கழற்றிப் பார்த்தால், தகர விளிம்பில் பட்டாணிக் கடலை அளவு வெல்டிங் பொட்டு ஒன்று. பழைய டிங்கர் வேலையின் மிச்சம், மேலே பெயின்ட் அடித்து மூடியிருந்தார்கள். அந்தக் கண்ணாடிக்கான காசு என் கையிலிருந்து போனது. மாப்பிள்ளை வாடகை வண்டியில் போனார்.

அன்றிலிருந்து என் கணக்கு ஒன்றுதான்: இந்த வேலையில் முக்கால் பங்கு தகரத்தில் இருக்கிறது, கால் பங்குதான் கண்ணாடியில்.

டெம்பர்டா லேமினேட்டடா என்பதற்கு நான் இரண்டு பக்கமும் பேசப் போவதில்லை. லேமினேட்டட்தான். இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே முக்கால் மில்லிமீட்டர் அளவில் ஒரு பிளாஸ்டிக் தாள் வைத்து, வெப்பத்திலும் அழுத்தத்திலும் ஒட்டியது. உடைந்தாலும் தாள் பிடித்துக்கொள்ளும். முகத்தில் கொட்டாது, எதிரே ரோடும் தெரியும். டெம்பர்ட் உடைந்தால் ஒரு கணத்தில் எதிரே எல்லாம் வெள்ளை. ஓடுகிற வண்டியில் அந்த ஒரு கணம் போதும். இந்தத் தாள் வைக்கும் யோசனை ஒரு விபத்தில் பிறந்ததாகச் சொல்வார்கள். 1903-ல் பிரான்சில் எடுவார் பெனடிக்டஸ் என்ற வேதியியலாளர் கையிலிருந்து ஒரு குடுவை கீழே விழுந்தது. விழுந்தும் சிதறவில்லை. உள்ளே செல்லுலோஸ் நைட்ரேட் காய்ந்து தோல் மாதிரி படிந்திருந்ததுதான் காரணம். அப்புறம் 1909-ல் காப்புரிமை வாங்கினார்.

லேமினேட்டடுக்கு ஒரு பலவீனம் உண்டு, அதுதான் உங்கள் கதையின் மூலமும். அதிலுள்ள இரண்டு தகடுகளும் இறுக்கம் ஏற்றாத சாதாரணக் கண்ணாடி. நடுவில் பலசாலி, ஓரத்தில் நோஞ்சான். டெம்பர்ட் கண்ணாடி பொறுத்துக்கொண்டிருந்த மேடு பள்ளத்தை லேமினேட்டட் பொறுக்காது. ‘கம்பெனிக் கண்ணாடி முப்பது வருஷம் இருந்தது, இப்போது போடுவதெல்லாம் ரெண்டு வருஷத்தில் விரியுது, டூப்ளிகேட்’ என்று புலம்புகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். டூப்ளிகேட்டும் சந்தையில் இருக்கிறதுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பாதிப் புலம்பலுக்குக் காரணம் விளிம்பில் இருக்கும் மேடு.

கடையில் வாங்கும்போது ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். லேமினேட்டடில் நடுவே ஒரு கோடு ஓடும். காசால் தட்டினால் டெம்பர்ட் ‘கிணிங்’ என்னும், லேமினேட்டட் ‘டொக்’ என்னும். போலராய்டு கூலிங்கிளாஸ் போட்டுப் பார்த்தால் டெம்பர்டில் திட்டுத் திட்டாகப் பூப் போட்ட மாதிரி தெரியும். மூலையில் பொறித்த முத்திரையில் ஐ.எஸ்.ஐ. குறியும் ஐ.எஸ். 2553 என்ற எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள்; நம் நாட்டில் பாதுகாப்புக் கண்ணாடிக்கான தர எண் அது. பழைய ஸ்டாக் என்றால் ஓரத்தில் பால் மாதிரி வெளுத்திருக்கும். ஈரம் ஏறித் தாள் பிரிய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். எத்தனை மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். கடைசியாகக் கண்ணாடியை நிமிர்த்தி, அதன் வழியாக எதிரே ஒரு மின்கம்பத்தைப் பார்த்தபடி தலையை மெல்ல அசையுங்கள். கம்பம் நெளிந்தால் அந்தக் கண்ணாடியை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். இரவில் எதிர் வண்டி வெளிச்சத்தில் அது உங்களைப் படுத்தும்.

கிடைப்பதைப் பற்றிக் கவலை வேண்டாம். அம்பாசடர் 2014 வரைக்கும் மேற்கு வங்கத்து உத்தரபாரா ஆலையில் தயாரான வண்டி. டாக்சிக்கும் கவர்மென்டுக்கும் ஓடியதால் மதுரை, திருச்சியில் ஆட்டோ கிளாஸ் கடைகளில் சொல்லி வைத்தால் வந்துவிடும். சென்னை புதுப்பேட்டையிலும் பார்க்கலாம். நம் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் பர்மா தேக்குத் தூண் கிடைக்கும், ஜப்பான் பீங்கான் கிடைக்கும், ஸ்வீடன் எனாமல் தூக்கு கிடைக்கும். வண்டிக் கண்ணாடியைத் தேடி அங்கே அலைய வேண்டாம். ஒன்றே ஒன்று, மார்க் 2-க்கு என்று சொல்லி வாங்கினாலும் உங்கள் பழைய கண்ணாடியை அட்டையில் படி எடுத்துக்கொண்டு போங்கள். அட்டை பொய் சொல்லாது.

இதைப் படிக்கிற வேறு யாரிடமாவது 1956-க்கு முந்தைய மாரிஸ் மைனர் இருந்தால், அவர்களுக்கு வேலை சுலபம். அதில் முன் கண்ணாடி இரண்டு துண்டு, நடுவில் ஒரு கம்பி, இரண்டும் தட்டையானவை. நல்ல கண்ணாடிக் கடையில் லேமினேட்டட் தகட்டை வாங்கி அளவுக்கு வெட்டிக்கொள்ளலாம். டெம்பர்டை அப்படி வெட்டவே முடியாது, வைரம் வைத்த உடனே பொடிந்துவிடும். 1956 கடைசியில் மைனர் 1000 வந்தபோது ஒரே வளைந்த கண்ணாடியாக மாறியது. வளைவு வந்துவிட்டால் அச்சு வேண்டும். உள்ளூரில் வேலைக்கு ஆகாது. உங்கள் அம்பாசடரும் வளைவுதான்.

எடுத்து வரும்போது கண்ணாடியைப் படுக்க வைக்காதீர்கள். நிமிர்த்தி, அடியில் வைக்கோலோ பழைய மெத்தையோ வைத்து, சாய்வாகக் கட்டுங்கள். ஆத்தங்குடியில் தரைக்கல் வார்க்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கல்லுக்கு வருகிற பளபளப்பே அடியில் வைக்கிற கண்ணாடித் தகட்டிலிருந்து வருவதுதான். நாள் முழுக்கக் கண்ணாடி புழங்குகிற கை அது. ஓரத்தைத் தரையில் இடிக்காமல் வைக்கத் தெரிந்த கை. அப்படி ஒருவரை ஒரு மணி நேரம் துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டால், மெக்கானிக் பையனைவிட நல்லது.

கழற்றுவது சுலபம். வைப்பர் கைகளை எடுத்துவிடுங்கள். டேஷ்போர்டு, பானெட் மேல் தடித்த போர்வை போடுங்கள். ரப்பரின் வெளிப்பக்கப் பள்ளத்தில் ஓடும் குரோம் பட்டியை முன்பு யாராவது தூக்கிப் போடாமல் இருந்தால், அதை முதலில் எடுக்க வேண்டும். மூலையில் இருக்கும் இணைப்புத் துண்டை நகர்த்திவிட்டு, மழுங்கிய மரக்கட்டையால் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளப்புங்கள். திருப்புளி போட்டால் பட்டி வளைந்துவிடும். வளைந்த குரோம் பட்டியை நேராக்கியவர் யாரையும் நான் இதுவரை பார்க்கவில்லை. எடுத்ததும் எந்தப் பக்கம் எது என்று டேப் ஒட்டி எழுதி வையுங்கள். கண்ணாடி எப்படியும் போகப் போகிறது என்பதால் ரப்பரைக் காப்பாற்ற நினைக்காமல், வெளி உதட்டைக் கத்தியால் சுற்றிலும் அறுத்துவிட்டு, உள்ளேயிருந்து ஒருவர் இரண்டு கையாலும் மேல் ஓரத்தில் தள்ள, வெளியே இருவர் வாங்கிக்கொள்ளலாம். கண்ணில் கண்ணாடி, கையில் தோல் உறை. விரிசல் விட்ட லேமினேட்டட் மெல்லிய சிம்பு சிம்பாக உதிரும், உள்ளே ஏறினால் தெரியாது.

இனிமேல்தான் வேலை. ரப்பர் போனதும் திறப்பைச் சுற்றி ஒரு தகர விளிம்பு நிற்கும். நகத்தால் தடவிப் பாருங்கள், கண்ணை நம்பாதீர்கள். உங்கள் இடது கீழ் மூலையில் மூன்றில் ஒன்று இருக்கும் என்பது என் ஊகம். ஒன்று, என் பள்ளத்தூர் வண்டி மாதிரி வெல்டிங் பொட்டு. இல்லை, முந்தைய டிங்கர் பள்ளம் நிரப்பப் பூசிய பட்டிப் பசை திரண்டு நிற்கும். இல்லை, துரு. கீழ் மூலைதான் தண்ணீர் தேங்குகிற இடம் என்பதால் துரு என்றுதான் முதலில் பந்தயம் கட்டுவேன். இரும்பு துருவானால் அதே இரும்பு பல மடங்கு இடம் பிடிக்கும். பழைய வீட்டுத் தளத்தில் கம்பி துருப்பிடித்துக் காரையைத் தள்ளிவிடுவதைப் பார்த்திருப்பீர்களே, அதே சங்கதிதான் ரப்பருக்கு அடியிலும் நடக்கிறது. காரைக்குடியில் 1948-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-ல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது. துரு ஏன் வருகிறது, எப்படித் தடுப்பது என்பது அங்கே ஒரு முக்கியமான ஆராய்ச்சி. அழகப்பச் செட்டியார் முந்நூறு ஏக்கர் நிலம் கொடுத்து வரவைத்த நிறுவனம். அந்த மதிலைத் தாண்டித்தான் எங்கள் ஊர் வண்டிகள் துருவோடு ஓடிக்கொண்டிருக்கின்றன, அது வேறு விஷயம்.

நம் பக்கம் காற்று வறட்சியானது. கடலோர வண்டி மாதிரி அடியெல்லாம் தின்னாது. ஆனால் பத்து மாதம் வெயிலில் ரப்பர் காய்ந்து சுருங்கும், ஐப்பசி கார்த்திகையில் அந்தச் சந்து வழியாகத் தண்ணீர் இறங்கும், ஷெட்டைப் பூட்டிவிட்டு எல்லோரும் சென்னைக்கோ சிங்கப்பூருக்கோ போய்விடுவார்கள். ஈரம் காயவே காயாது. வெளியே பெயின்ட் பளபளப்பாக இருக்கும், விளிம்பு மட்டும் உள்ளுக்குள் இற்றுக்கொண்டிருக்கும்.

மேலோட்டமான துரு என்றால் வயர் பிரஷும் உப்புத்தாளும் போட்டு வெள்ளை இரும்பு தெரியும் வரை தேயுங்கள். குழிகளில் ஒட்டியிருப்பதற்குத் துரு மாற்றித் திரவம் கிடைக்கிறது. அதில் சில வகைகள் டானிக் அமிலம் கலந்தவை, துருவைக் கறுப்பாக மாற்றி நிறுத்திவிடும். நம் வீட்டுச் சுவர்ச் சுண்ணாம்பில் கலந்த கடுக்காயிலும் அந்தத் துவர்ப்புச் சத்துதான் இருக்கிறது. அதற்காகக் கடுக்காயை ஊற வைத்து வண்டியில் பூச வேண்டாம், பாட்டிலையே வாங்குங்கள். மேலே எப்பாக்சி பிரைமர், அப்புறம் பெயின்ட். நன்றாகக் காய விடுங்கள். விரல் வைத்து அழுத்தினால் தகரம் உள்ளே போகிறது என்றால் பிரைமரால் ஆகாது; அந்தத் துண்டை வெட்டி எடுத்துப் புதுத் தகரம் வைத்து, வெல்டிங்கைச் சமமாகத் தேய்க்க வேண்டும். எம்-சீல் பசையோ பட்டிப் பசையோ வைத்து வடிவம் பிடிக்க ஆசைப்படும் டிங்கரை அன்போடு தடுத்துவிடுங்கள். விளிம்பின் தடிமன் கூடினால் ரப்பரின் பள்ளம் அதைக் கவ்வாது.

விளிம்பு முடிந்ததும் புதுக் கண்ணாடியை ரப்பர் இல்லாமல் ஒரு தடவை வைத்துப் பாருங்கள். சைக்கிள் ட்யூபைச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி, கீழ் விளிம்பில் நான்கைந்து இடத்தில் வைத்து அதன் மேல் நிறுத்துங்கள். சுற்றிலும் இடைவெளி ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒரு மூலையில் விரல் நுழைகிறது, எதிர் மூலையில் தாள்கூட நுழையவில்லை என்றால், திறப்பே கோணியிருக்கிறது. டேப் வைத்து இரண்டு மூலைவிட்டத்தையும் அளந்தால் தெரிந்துவிடும். எப்போதோ ஒரு புளியமரத்தில் மோதிய வண்டியாக இருக்கலாம், வீட்டில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இந்தப் பத்து நிமிஷச் சோதனையை யாரும் செய்வதில்லை. ஒரு கண்ணாடி விலை மிச்சமாகிற சோதனை இது.

பழைய ரப்பர் வேண்டாம். அதை மடித்துப் பாருங்கள், மடிப்பில் வெடிப்பு தெரியும். புது ரப்பரில் கண்ணாடி உட்காரும் பள்ளம் உங்கள் கண்ணாடித் தடிமனுக்குப் பொருந்துகிறதா என்று ஒரு துண்டை மாட்டிப் பாருங்கள். லேமினேட்டட் வழக்கமாகப் பழைய டெம்பர்டைவிடக் கொஞ்சம் தடிமனாக இருக்கும். மூலைகள் வார்த்தே வருகிற ரப்பர் கிடைத்தால் அதுதான் நல்லது. மீட்டர் கணக்கில் வெட்டித் தருகிற பீடிங் என்றால், சுற்றளவுக்குச் சரியாக வெட்டாமல் ஒரு விரல் அகலம் கூட விட்டு வெட்டுங்கள். திணித்து இணைத்தால்தான் நாளைக்குச் சுருங்கினாலும் வாய் திறக்காது. இணைப்பு எந்தக் காரணத்துக்கும் மூலையில் வரக் கூடாது.

மாட்டுகிற நாளைக் காலை ஏழு மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ரப்பரை மட்டும் அரை மணி நேரம் வெயிலில் போட்டு வையுங்கள், வாழைத்தண்டு மாதிரி இளகும். கண்ணாடியும் வண்டியும் நிழலில் இருக்கட்டும். வளவில் போர்வை விரித்து, கண்ணாடியை அதன் மேல் வைத்து, மேல் நடுவிலிருந்து ரப்பரைச் சுற்றிலும் மாட்டுங்கள். மூலைகளில் ரப்பர் சுருங்காமல் முழுக்க இறங்கியிருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பாருங்கள். இப்போது வெளிச் சுற்றில் இன்னொரு பள்ளம் இருக்கும், தகர விளிம்பைக் கவ்வ வேண்டிய பள்ளம். அதில்தான் கயிறு போகும். நான்கு மில்லிமீட்டர் நைலான் கயிறு, சுற்றளவைவிட ஒரு மீட்டர் கூடுதலாக. கீழ் நடுவில் ஆரம்பித்து, ஒரு சுற்று சுற்றி, அதே இடத்துக்கு வந்து ஒரு அடி ஒன்றின் மேல் ஒன்றாக விட்டு, இரண்டு வாலும் வண்டியின் உட்பக்கம் தொங்குகிற மாதிரி வையுங்கள். பள்ளத்துக்கும் விளிம்புக்கும் சோப்புத் தண்ணீர் தாராளமாக. தேங்காயெண்ணெய், கிரீஸ், மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம். எண்ணெய் பட்டால் ரப்பர் ஊதிப்போகும்.

இரண்டு பேர் தூக்கி வெளியேயிருந்து திறப்பில் வைக்க வேண்டும். கீழ்ப்பக்கம் முதலில், நடுவில் சரியாக. நீங்கள் உள்ளே முன் சீட்டில் உட்கார்ந்து கயிற்றின் ஒரு வாலைப் பிடியுங்கள். வெளியே ஒருவர் நீங்கள் இழுக்கிற இடத்துக்கு நேர் எதிரே உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டே வர வேண்டும். தட்டக் கூடாது. என் கையைப் பற்றித்தான் சொன்னேனே. கயிற்றைக் கண்ணாடிக்குச் சமமாக இழுக்காமல், உங்களை நோக்கி, நேராக உள்ளே இழுங்கள். கயிறு வர வர ரப்பரின் உள் உதடு அதோடு எழும்பி, விளிம்பைத் தாண்டி ‘ப்ளக்’ என்று இந்தப் பக்கம் விழும். ஒரு சாண் இழுப்பது, நிறுத்துவது, வெளியே இருப்பவரைப் பார்ப்பது, மறுபடி ஒரு சாண். கீழ்ப்பக்கம் முடிந்ததும் இரண்டு பக்கமும் சமமாக ஏறி, மேல் நடுவில் முடியுங்கள். எங்கேயாவது உதடு வெளியே மாட்டிக்கொண்டால் பதறி இழுக்காதீர்கள். கரண்டிக் காம்பு மாதிரி மழுங்கியதை விட்டு மெல்ல நெம்பி எடுக்கலாம். முதல் தடவையே சரியாக உட்கார்ந்தால் அது அதிர்ஷ்டம். எனக்கு இன்றைக்கும் சில வண்டிகளில் இரண்டாம் தடவை எடுத்து வைக்க வேண்டியிருக்கிறது.

கண்ணாடி உட்கார்ந்தபின் குரோம் பட்டி. பள்ளத்தை அகட்டிப் பிடித்துக்கொண்டே பட்டியை நுழைக்க வேண்டும். அதற்கென்று வளையம் வைத்த ஒரு சின்னக் கருவி உண்டு. பட்டி உள்ளே போனால்தான் ரப்பர் இரு பக்கமும் இறுகும், அதனால் அழகுக்கு மட்டும் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள்.

சரி, சிலிகான். உங்கள் பெயின்டர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, எல்லோரும் சொல்வதைச் சொல்கிறார். ஆனால் வேண்டாம். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் சிலிகானைப் பிதுக்கினால் காடி வாடை வரும்; அது காய்கிறபோது விடுகிற அசிட்டிக் அமிலத்தின் வாடை. நீங்கள் இத்தனை பாடுபட்டுத் தேய்த்த விளிம்பில், பெயின்ட் எங்கே விட்டிருக்கிறதோ அங்கே துருவுக்கு அதுவே விதை போட்டுவிடும். இரண்டாவது, அம்பாசடர் பாடி ஓடும்போது நெளியும். கண்ணாடி ரப்பருக்குள் கொஞ்சம் மிதந்துகொண்டு இருக்க வேண்டும். இறுக ஒட்டிவிட்டால் அந்த நெளிவு முழுக்கக் கண்ணாடி ஓரத்தில் போய் இறங்கும். மூன்றாவது, அடுத்த தடவை கழற்றுகிறவன் உங்களைத் திட்டுவான். புது வண்டிகளில் கண்ணாடியை பாலியூரித்தேன் பசையால் ஒட்டுகிறார்கள், உண்மைதான். அந்த பாடி அதற்காகவே வடிவமைத்தது, நம்முடையது ரப்பருக்காக வடிவமைத்தது.

இதற்கென்றே காயாத வகை விண்ட்ஸ்கிரீன் சீலன்ட் விற்கிறது, கறுப்பாக, மெழுகு மாதிரி. எத்தனை வருஷமானாலும் இறுகாது. ட்யூபின் மூக்கை ரப்பரின் வெளி உதட்டுக்கு அடியில் விட்டு, கண்ணாடிக்கும் ரப்பருக்கும் நடுவே ஒரு சுற்று, ரப்பருக்கும் பாடிக்கும் நடுவே ஒரு சுற்று. பிதுங்கியதை மறுநாள் துணியால் துடைத்துக்கொள்ளலாம்.

தண்ணீர் சோதனைக்குப் பைப்பைப் பீய்ச்சி அடிக்காதீர்கள். மழை அப்படிப் பெய்வதில்லை. பூவாளியால் மேலிருந்து கால் மணி நேரம் மெதுவாக ஊற்றுங்கள், உள்ளே ஒருவர் டார்ச்சோடு டேஷ்போர்டுக்கு அடியில் படுத்துப் பார்க்கட்டும். விளிம்புக்கு உள்பக்கம் சுண்ணாம்புப் பொடியோ டால்கம் பவுடரோ தூவி வைத்தால் தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று கோடு போட்டுக் காட்டிவிடும். ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: கால் பக்கம் ஈரமானால் எல்லாப் பழியும் கண்ணாடிக்கு இல்லை. வைப்பர் தண்டு வெளியே வருகிற இடத்து ரப்பர் வாஷர் போயிருந்தாலும் இதே இடத்தில்தான் சொட்டும். அதையும் கையோடு மாற்றிவிடுங்கள். வைப்பர் ப்ளேடும் புதிது போடுங்கள். ரப்பர் தேய்ந்து இரும்பு தெரிகிற பழைய ப்ளேடு, புதுக் கண்ணாடியில் முதல் மழைக்கே வில் மாதிரி ஒரு கீறல் போட்டுவிடும். அந்தக் கீறலை எந்த பாலிஷும் எடுக்காது.

கறுப்பு ஃபிலிம் ஒட்டலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள், அதனால் இப்போதே சொல்கிறேன். முன் கண்ணாடி வழியாகக் குறைந்தது 70 சதவீத வெளிச்சம் உள்ளே வர வேண்டும் என்பது மோட்டார் வாகன விதி. 2012-ல் உச்ச நீதிமன்றம் ஃபிலிம் விஷயத்தில் கடுமையாகத் தீர்ப்புச் சொன்னதிலிருந்து எஃப்.சி.யில் இதைப் பார்க்கிறார்கள். அப்பச்சிக்கு வெயில் படக் கூடாது என்றால் அந்தக் காலத்து வண்டிக்குப் பொருத்தமாக வெளியே ஒரு சன் வைசர் மாட்டுங்கள், பார்க்கவும் நன்றாக இருக்கும்.

நாள் கணக்கு: தகர வேலைக்கும் பெயின்ட் காய்வதற்கும் இரண்டு வாரம், கண்ணாடி வெளியூரிலிருந்து வர ஒரு வாரம், மாட்டுவதற்கு ஒரு காலை நேரம். மாட்டிய பிறகு விழாவுக்கு முன்னால் ஒரு வாரமாவது வண்டி ஓட வேண்டும். பிள்ளையார்பட்டி, குன்றக்குடி என்று ஒரு சுற்று போய் வாருங்கள். ரப்பர் அதன் இடத்தில் படிந்துவிடும், எங்கேயாவது உதடு தூக்கினால் சரி செய்ய நேரமும் இருக்கும். ஆவணிக்கு என்றால் ஆனி முடிவதற்குள் ரப்பரை உரித்துவிடுங்கள். அந்த இடது மூலையில் நான் சொன்ன மூன்றில் எது இருந்தது, இல்லை நான்காவதாக ஏதாவதா என்று எனக்கும் சொல்லுங்கள். துரு என்றுதான் பந்தயம் கட்டியிருக்கிறேன்.